நீலப் புள்ளிகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. பத்து மாதமாக நீ பணமும் அனுப்பவில்லை, ஒரு வரி பதிலும் போடவில்லை. அப்படி என்னடா ஆகிவிட்டது உனக்கு? உன்னை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் இது. மருந்துக்கடைச் சம்பளத்தில் என்னால் பாதித் தவணைதான் கட்ட முடிந்தது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். நாலு நோட்டீஸ் அனுப்பியும் ஏன் வரவில்லை என்று கடன் பிரிவு அதிகாரியம்மா கேட்டார். ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன். நோட்டீஸ் வாங்கிக்கொண்டதற்கான நாலு ஒப்புகைச் சீட்டையும் அவர் எடுத்துப் போட்டார். நாலிலும் அப்பாவின் கையெழுத்து, கீழே அதே இரட்டைக் கோடு. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறதே! சீட்டுகளை அவர் பக்கமே தள்ளிவிட்டு, இனி என்ன வழி என்று கேட்டேன்.

வழி இருக்கிறதாம். காலத்தை நீட்டி, தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு நம் இருவர் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் ஏலத்துக்கு முன் நாமே விற்றுக் கடனை அடைக்கலாம், அல்லது சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். சும்மா இருந்தால் அடுத்த மாதம் இருபதாம் தேதி ஏலம். “தம்பி எங்க இருக்கார்னே தெரியலைன்னா, அவர் பேரை அடிச்சிட்டு, காணோம்னு எழுதிக் குடுங்க. மேல கேட்டுப் பாக்கறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் மேசை டிராயரைத் திறந்தேன். அவர் போனபின் அதை யாரும் தொட்டதில்லை. நாலு நோட்டீஸும் உள்ளே பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், வீட்டுக்குள் வரும் காகிதம் எதையும் சும்மா விடமாட்டாரே! விற்கலாம் என்ற பத்தியை நீலப் பென்சிலால் அடித்திருந்தார். சாவி பத்தியையும் அடித்திருந்தார். காலம் நீட்டிக்கும் பத்திக்கு மட்டும் டிக். அந்த நீலப் பென்சிலை அவர் சட்டைப் பையில் வைத்துச் சுடுகாட்டுக்கு அனுப்பியவள் நான்தான். உனக்கும் தெரியும், பக்கத்தில் நின்றாயே.

நேற்று ஆத்திரத்தில், காலம் நீட்டிக்க வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தில் உன் பெயரை அடித்தேன். “காணவில்லை” என்று எழுதக் கை வரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு நகல் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து வந்தேன். பட்டப்பகல், கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் உன் பெயருக்கு அடியில் வரிசையாக நீலப் புள்ளிகள். தவறாக அடித்துவிட்டால் அப்பா அப்படித்தான் புள்ளி வைப்பார். அடித்தது செல்லாது, இருக்கட்டும் என்று அர்த்தம்.

அப்படியென்றால் நீ இருக்கிறாய், இல்லையா?

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் இல்லாவிட்டால் போகட்டும், திட்டமாட்டேன். புள்ளிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆனால் தபாலில் அனுப்பு ராஜா. தபால்தலை ஒட்டி, அந்த ஊர் முத்திரையோடு, தபால்காரர் கையால் எனக்கு வரவேண்டும். நீ கையெழுத்துப் போட்ட காகிதம் அப்பாவின் டிராயரில் கிடந்தால் அக்கா தாங்கமாட்டாள்.

நல்லபடியாக இரு.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா