ஆடுகிற ஸ்டூலின் நாலாவது ரப்பர்

டக், டக். இன்று காலை பேக்கிங் ரூமிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதும் நீதான் வந்துவிட்டாய் என்று வாயைத் திறந்துவிட்டேன். "என்ன மாப்ள, ஜீப்புக்கு றெக்கை முளைச்சிருச்சா, இம்புட்டு வெள்ளனே" என்று கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. உன் ஸ்டூலில், உன் வேலைக்கு வந்திருக்கிற பாண்டி உட்கார்ந்திருந்தான். ஜிகினாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் என் அடுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

மழையில் பண்ணைக்காட்டு ரோட்டில் உன் ஜீப் சரிந்து, நீ போய் நாலு மாதம் ஆகிறது. காது மட்டும் இன்னும் நம்பவில்லை.

அந்த ஸ்டூல் ஆடுவது என் கைங்கரியம். நாயுடுபுரத்து சாக்லேட் கம்பெனியில் காய்ச்சுகிற பக்கத்துக்கு என்னையும், பேக்கிங்குக்கு உன்னையும், கடைக்கு ஸ்டெல்லா அக்காவையும் முதலாளி பொறுப்பாக்கிய அன்றே, உன் ஸ்டூலின் ஒரு கால் ரப்பரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நீ உட்கார்ந்ததும், "என்ன மாப்ள, மொத நாளே பதவி ஆட்டம் காணுதே" என்றேன். நீ தேடவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஆடுனா தூக்கம் வராது, நல்லதுதான். ரப்பர வச்சுக்க. குடுக்கணும்னு தோணுறப்ப குடு." அதோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். விளையாட்டே சப்பென்று ஆகிவிட்டது.

முதல் மாதம் நாம் மூன்று பேரும் அடுத்தவர் வேலையில் கண்ட குறையை எழுதி வைக்கிற குறை நோட்டு வழியாகத்தான் பேசிக்கொண்டோம். தாள் கிழிந்த சாக்லேட் கடையிலிருந்து திரும்பி வந்தபோது, "பேக்கிங்கில் இருப்பது கையா, காலா?" என்று எழுதி வைத்தேன். நீ நோட்டோடு வந்தாய்.

"ஏலே, பத்து நிமிசம் எங்க மேசையில வந்து தாள் சுத்து. அப்புறம் எழுது. வா, கதைச்சுக்கிட்டே சுத்துவோம்."

கதைப்பது உன் வீட்டுச் சொல். உன் தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மூட்டையோடு கொண்டுவந்தது. "கதை விடப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். நாலாவது சாக்லேட்டிலேயே என் விரல் பிசுபிசுத்தது, தாள் ஒட்டிக் கிழிந்தது. ஃபிரிட்ஜில் இடம் இல்லையென்று, சீக்கிரம் ஆறட்டும் என்று தட்டுகளை நான்தான் ஜன்னலைத் திறந்து, உள்ளே நுழைகிற மேகத்தில் வைத்திருந்தேன். கொடைக்கானலில் பிறந்தவனுக்கு மேகம் என்றால் குளிர்தான் ஞாபகம் வரும், ஈரம் வராது. உனக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் நீ சொல்லவில்லை. அடுத்த தாளை என் பக்கம் தள்ளினாய், அவ்வளவுதான்.

அதன் பிறகு அதுவே நம் வழக்கமாயிற்று. யார்மேல் குறையோ, அவர் வேலையைப் பத்து நிமிடம் செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஸ்டெல்லா அக்கா ஒருநாள் சண்டைக்கு வந்து என் சட்டியைக் கிண்டினார்.

"என்னக்கா, கரண்டியப் புடிச்சதும் பேச்சு நின்னுருச்சு?"

"கொழுப்புடா ஒனக்கு. இப்போதைக்குச் சட்டியக் கிண்டுறேன், அடுத்து ஒன்னையத்தான்."

நீ அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாய்.

நீ போன பிறகு யாரும் யார் பக்கமும் நடக்கவில்லை. நோட்டு மட்டும் நிறைந்தது. போன வாரம் முதலாளி அதைப் புரட்டிவிட்டு, "ஒங்களால பேசிக்க முடியலேன்னா விடுங்க. திங்கக்கிழமை திண்டுக்கல்லேருந்து ஒரு சூப்பர்வைசரப் போட்டுர்றேன்" என்றார். நாம் மூன்று பேராகக் கட்டியது, நீ இல்லாத நாலே மாதத்தில் கலையப் போகிறது. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்துதான்: "பாண்டி கழுவி அனுப்பும் தட்டுகளில் வெண்ணெய்ப் பிசுக்கு."

அடுப்பு முன்னால் நின்றபோது மறுபடியும் டக், டக். இந்த முறை எழுந்து போனேன்.

"என்னங்க, உங்களுக்குச் சோலி இல்லையா?" என்றான் பாண்டி. எங்களுக்குள் இன்னும் 'ங்க'தான்.

"இருக்குங்க. இதான் சோலி." தட்டைக் கழுவத் தொட்டியில் கையை விட்டேன். குளிர் எலும்பு வரை குத்தியது. அந்தத் தண்ணீரில் வெண்ணெய் எங்கே போகும். "தண்ணி சுட வைக்கிற ஹீட்டர் எங்க?"

"உங்க பக்கந்தான் இருக்கு."

நீ இல்லாமல் போன அந்த வாரத்திலேயே, கேட்க ஆள் இல்லையென்று நான்தான் அதைத் தூக்கி வந்திருந்தேன். மறந்தே போனேன்.

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கேலி பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. என் பக்கம் நடந்தேன்.

ஹீட்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். பிறகு அவனை எழுந்திருக்கச் சொல்லி, ஸ்டூலைக் கவிழ்த்து, பாக்கெட்டிலிருந்த ரப்பரை அந்தக் காலில் அழுத்திச் செருகினேன். பாண்டி உட்கார்ந்து அசைத்துப் பார்த்தான்.

"எங்க கெடந்துச்சு?"

"என்கிட்டதான் கெடந்துச்சு. ஒருத்தன் கேக்கவே இல்ல."

மத்தியானம் அவன் என் பக்கம் வந்து, பத்து நிமிடம் சட்டியைக் கிண்டிவிட்டுப் போனான். போகும்போது, "கை கழண்டுரும் போலண்ணே" என்றான். திங்கட்கிழமை முதலாளி என்ன சொல்வாரோ தெரியாது.

நாளை அந்த ரூமிலிருந்து சத்தம் வராது. நீ வந்துவிட்டாய் என்று இனி என் காது ஏமாறவும் முடியாது. ரப்பரை உன்னிடம் கொடுத்திருக்க வேண்டும் மாப்ள, நீ கேட்காவிட்டாலும். பேச்சுக்கு நடுவில் இப்போதும் கை பாக்கெட்டுக்குத்தான் போகிறது. அது இருந்த இடத்தில் துணி வட்டமாகத் தேய்ந்துபோயிருக்கிறது.