மும்பையில் உதித்த மதுரைச் சூரியன்

அன்பு மாப்ள ஜெகதீசா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னைத் திட்டாமல் இருந்தது மரியாதைக்காக. இனிமேல் முடியாது. இறந்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்கிறவர்கள், இறந்தவர் எழுதி வைத்த பில்ட் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். மார்கழி மாதத்தில் மும்பையில் சூரியன் நாற்பது நிமிஷம் முன்னதாகவே உதிக்கிறது. நம் பஞ்சாங்க சிடியில் மட்டும்.

மும்பையிலிருந்து ஒரு புரோகிதர் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். "உங்க கணக்குப்படி சூரியன் வந்தாச்சு சார். நான் மொட்டை மாடியில நின்னு பாத்தேன். காக்கா கூட எந்திரிக்கல." மேகமாக இருந்திருக்கும் என்றேன். "மேகம் உங்க ஆபீஸ்லதான் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

உனக்குத் தெரியும், ஒட்டுக்கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டரில் ஓடி முடிந்தால்தான் சிடி தயாராகும். பன்னிரண்டு ஊர், நூறு வருஷம். ராகு காலத்துக்காக உதய நேரத்தை முதலிலிருந்து கணக்குப் போடும். எமகண்டத்துக்கு மறுபடி அதே கணக்கு. குளிகைக்கு இன்னொரு தடவை. காலையில் ஓடவிட்டால் சாயங்காலம் முடியும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். நம் ஆபீஸ் இருக்கிற கே.கே. நகரில் கரண்ட் போகாத நாளை எந்தப் பஞ்சாங்கமும் கணித்ததில்லை.

நீதான் வழி கண்டுபிடித்தாய். ஒரு தடவை போட்ட கணக்கின் விடையை ஒரு கேச் ஃபைலில் எழுதி வை. அதே கேள்வி திரும்ப வந்தால் கணக்குப் போடாதே, எடுத்துக் கொடு. ஒரு நாள் வேலை பதினோரு நிமிஷமானது. "எம்புட்டு நேரம் மாப்ள, சொல்லு, எம்புட்டு நேரம்?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தாய்.

ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு பகுதி உண்டே: எந்தத் தேதி, எந்த ஊர்? விடையை எடுத்து வைக்கும்போது தேதியை மட்டும் குறித்தாய். ஊரைக் குறிக்கவில்லை. பட்டியலில் மதுரைதான் முதலில் வர வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நீதான். மதுரையின் விடை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த பதினோரு ஊரும் தேதியைச் சொல்லி, மதுரையின் விடியலை வாங்கிக்கொண்டு போயின. வேறு ஊர்க்காரனுக்கு இந்தத் தப்பு வந்திருக்குமா? சூரியனுக்கு மதுரையை விட்டால் வேறு எங்கே வேலை என்று நினைத்துவிட்டாயா?

முதலாளி முத்தையா அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "சிடி வாங்குன எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதம் போடுவோம். ஜெகதீசன் செஞ்ச தப்புன்னு பேரோட எழுது. அவன் என்ன, வந்து கேக்கவா போறான்?"

"அவன் வரமாட்டாண்ணே. கலைவாணி திங்கக்கிழமை வருது."

உன் மனைவிக்கு வேலை தருவதாக, விளாங்குடியில் உன் வீட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர்தான்.

"அதத்தான் யோசிக்கிறேன். இம்புட்டுப் பெரிய தப்பு செஞ்சவன் வீட்டுக்கே வேலை குடுத்தா, கேக்குறவன் சிரிக்க மாட்டானா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. சிடியைச் சரிபார்த்தது நான் என்றேன். அது ஆனி மாதம். அதனால் ஆனியில் ஒரு தேதியை மட்டும் பார்த்தேன். அச்சுப் பஞ்சாங்கத்தில் மதுரைக்கும் மும்பைக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம் இருந்தது. நம்முடையதில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நாலு நிமிஷம் ஒரு பிரச்சினையா என்று கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப உன்னையத்தான்யா வீட்டுக்கு அனுப்பணும்!"

"அனுப்புங்கண்ணே. புது சிடி யாரு போடுவா?"

அண்ணனுக்கு வேறு ஆள் இல்லை. கடைசியில் கடிதம் என் கையெழுத்தோடு போனது. இனி நான் எதையும் சரிபார்க்கக் கூடாது என்று உத்தரவு. அந்த வேலை கலைவாணிக்கு.

முதல் நாளே கலைவாணி கேட்டது: "தப்பு அவரு செஞ்சதாண்ணே?"

"அவன் எழுதுனான். நான் பாக்கல, தங்கச்சி."

"வீட்டுலயும் இப்படித்தாண்ணே. சிலிண்டருக்குச் சொல்லியாச்சான்னு கேட்டா, போன மாசத்துப் பதிலச் சொல்லுவாரு. நெஞ்சு கரிக்குதுன்னு சோடா குடிச்சாரே, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். 'ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல்'னாரு. அது மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்ததுண்ணே."

பிறகு பன்னிரண்டு ஊருக்கும் பன்னிரண்டு மாதத்தையும் அச்செடுத்துத் தரச் சொன்னது.

ஏன் மாப்ள? அந்த ஒரு கணக்கை மட்டுமாவது திரும்பப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? அதற்கு என்ன, பதினோரு நிமிஷம் ஆகியிருக்குமா?

ஸ்கிரிப்டில் ஊரைச் சேர்த்துவிட்டேன். பழைய கேச் ஃபைலை அழித்துவிட்டேன். எனக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டவர்களிடம் எல்லாம் நானும் பழைய ஈசிஜி சீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலை புதிதாக ஒன்று எடுக்கிறேன். சத்தியம்.

உன் மனைவிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மாப்ள,
குமரேசன்