அலமாரிக்குப் பின்னால் நீல வயர்

காலையில் கேமரா அலமாரியைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. ஈரம் அண்டாமலிருக்க உள்ளே நீ மாட்டிய பல்பு, சூடேறிய தூசி, பூஞ்சை. மூன்றும் சேர்ந்தால் உன் ஞாபகம். எரிச்சலாக வந்தது. செத்து இரண்டு மழைக்காலம் ஆகியும் என் வீட்டை விட்டுப் போகாமல் கிடக்கிறாய், சிநேகிதா.

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற எனக்கு, படங்களைப் போட்டுவைக்க ஒரு சர்வர் வாங்கியதே பெரிய பாடு. அதற்குப் பாதுகாப்பு வாங்க ஏது வழி? குந்தா பவர் ஹவுஸ் வேலை முடிந்து வரும் வழியில், காயலான் கடையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்து வந்தாய். நெட் வழியாக வெளியாள் புகாமல் தடுக்கும் இலவச ஃபயர்வாலை அதில் ஏற்றி, அலமாரிமேல் இருந்த மோடத்துக்கும் சர்வருக்கும் நடுவில் காவலுக்கு வைத்தாய். என் சின்ன யூபிஎஸ் மோடத்தையும் சர்வரையும் தாங்கும், அதைத் தாங்காது. கரண்டு போனால் காவலும் போகும், அதன் வழியாக வரும் நெட்டும் போகும்.

"அப்ப என் பொழப்பு?" என்றேன்.

"காவலுக்கு ஆளில்லாதப்ப கதவச் சாத்தித்தான்டா வெக்கோணும். ஒரு மணி நேரம் படம் அனுப்பாட்டி எவன் செத்துருவான்?"

என்ன திமிர் உனக்கு! தனியாக ஒரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வை என்றும் நச்சரித்தாய். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பிறகு ஒரு நாள் சர்வரைத் திறந்தால் எல்லாப் படமும் பூட்டிக் கிடந்தது. எவனோ நெட் வழியாக உள்ளே புகுந்து பூட்டிவிட்டான். அந்த வருஷத்துக் கல்யாணங்கள் மொத்தமும் போயிற்று. நீ வந்தாய், அலமாரிக்குப் பின்னால் குனிந்து என்னமோ செய்தாய், கிளம்பிப் போனாய். மறுநாள் கோத்தகிரி டீக்கடையில், கல்யாணப் படத்தை என்னிடம் பறிகொடுத்த கட்டபெட்டு ஊர்க்காரர் எதிரிலேயே, உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஓட்டைப் பொட்டிய வெச்சு என் குடியக் கெடுத்துட்டயேடா!"

"செரி உடு, என் தப்புத்தான்" என்றாய்.

அதோடு பேச்சை விட்டேன். மாரடைப்பில் நீ போனபோதும் உன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று திறந்த கொஞ்ச நேரத்தில் பல்பு அணைந்துவிட்டது என்று அலமாரியை நகர்த்தினேன். பின்சுவர் ஆணியில் ஒரு நீல வயர். அதில் உன் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு: "நீ செருகியது. இனிமேல் செருகாதே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. படங்கள் பூட்டிப்போவதற்கு முன் ஒரு மழை மத்தியானம், கரண்டு இல்லை, பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு விடாமல் போன். உன் காவலைத் தாண்டி, மோடத்திலிருந்து நேராக சர்வருக்கு அந்த வயரைச் செருகி அனுப்பினேன். கரண்டு வந்ததும் பிடுங்க மறந்தேன். அந்த வழியாகத்தான் அவன் புகுந்திருக்கிறான்.

உன் மனைவியிடம் ஓடினேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியுமுங்கண்ணா" என்றார். "'அவன் தப்புன்னு வெளிய தெரிஞ்சா எவன் அவங்கிட்டப் படம் எடுக்கக் குடுப்பான், நான் திட்டு வாங்கிட்டா முடிஞ்சு போச்சு'ன்னாருங்க."

யாரடா உன்னைக் கேட்டது? அன்றைக்குப் பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் நான் மனுஷனாகியிருப்பேன். பெரிய உத்தமன் மாதிரி வாயை மூடிக்கொண்டு செத்துப் போனாய். உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சாயங்காலம் அதே டீக்கடைக்குப் போனேன். கட்டபெட்டுக்காரர் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "வயரச் செருகுனது நானுங்க. அவன் மேல தப்பே இல்லீங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போனவனத் திட்டியாச்சு. இனி உங்களத் திட்டி என்னங்க ஆகுது?" என்று எழுந்து போனார்.

எனக்கு வரவேண்டிய திட்டையும் நீயே வாங்கித் தீர்த்துவிட்டாய். சீட்டோடு அந்த வயர் இப்போது என் கேமராப் பையில் கிடக்கிறது.