முன்வரிசைக்கு வந்த பெண்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிலடெல்ஃபியாவிலிருந்து கொரீன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தேவாலயத்தில் உட்கார்ந்தே பாடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். குழந்தை ஓப்பலுக்கு இருமல் விட்டுவிட்டது. ஆனாலும் மூச்சு வருகிறதா என்று பத்து நிமிடத்துக்கொரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பகலில் எங்கள் பங்க் ராக் கச்சேரி. கிட்டாரோடு நானும் டிரம்ஸ் குச்சிகளோடு வெர்னெலும் போனால், வாசலில் நின்றவன் எங்கள் கறுப்பு முகங்களைப் பார்த்து, "ராப் கச்சேரி அடுத்த வாரம், சிஸ்டர்" என்றான்.

"சுவத்துப் போஸ்டர்ல இருக்கிற மூஞ்சியப் பாரு ராசா, அப்புறம் எங்க மூஞ்சியப் பாரு" என்றாள் வெர்னெல். பயப்படாதீர்கள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உள்ளே வழக்கம்போல வெள்ளைப் பையன்கள் மேடையடியில் முட்டி மோதினார்கள். பாட்டை நிறுத்தினேன். "சுவரோரம் நிக்கிற கறுப்புப் பொண்ணுங்கள்லாம் முன்னாடி வாங்க. தம்பிகளா, அவங்க பையை வாங்கிக்கிட்டு பின்னாடி போங்க" என்றேன். போனார்கள் அம்மா! முன்னால் வந்த ஒருத்தி, "இது வெள்ளைக்காரங்க கூச்சல்னு எங்கம்மா திட்டுவாங்கக்கா" என்றாள். "எங்கம்மாவும்தான்" என்றேன்.

தலைக்குத் தடவும் களிம்பு இரண்டு டப்பா அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் உங்கள் கை வாசனை இல்லை.

ஈஸ்டருக்கு நாங்கள் ஊருக்கு வரும்போது வெர்னெலைத் தேவாலயத்தில் யாரென்று சொல்வது என்று போனில் கேட்டீர்கள். போனை வைத்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். போன வருடம்வரை அவள் பெயரைக்கூட நீங்கள் சொன்னதில்லை. ஓப்பலின் இன்னொரு அம்மா என்று சொல்லுங்கள், அம்மா. குழந்தை சிணுங்குகிறாள், முடிக்கிறேன். எங்கள் மூவருக்கும் ஒரே அறையில் படுக்கை போடுங்கள்.

உங்கள்
கொரீன், வெர்னெல், ஓப்பல்