அண்ணன் இறந்த வருஷத் தீபாவளி

அக். 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை.

வாத்தியாராக இருந்த காலத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது காலையிலிருந்து மனத்தில். "சார், பெரியப்பா செத்துட்டதால எங்க வூட்ல இந்த வருஷம் தீவாளி இல்ல. கொண்டாடுனா அவருக்குக் கோவம் வருமா சார்?" நான் சொன்னது: "பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் காய்ச்சல்னா நீ பாட்டுப் பாடுவியா? அவ கோச்சுக்க மாட்டா. ஆனா நீ பாட மாட்ட."

இப்போது என் வீட்டிலேயே அந்தக் கேள்வி. பெரியப்பா மகன், முதலியார்பேட்டை அண்ணன், ஆடியில் போய்விட்டார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை நமக்கும் பண்டிகை கிடையாது. ஆனால் வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சாவுச் செய்தியே தெருமுனைப் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரியும். போனேன். ஓரமாக நின்றேன். வந்தேன்.

அக். 16, வியாழன்

மழை விட்டது. வாங்க: பிரஷர் மாத்திரை, டியூப்லைட் ஸ்டார்ட்டர்.

மகன் முரளி பேத்திக்குப் பட்டாசுப் பெட்டியோடு வந்தான். வேண்டாம் என்றேன்.

"போஸ்டர்ல பங்காளிங்க பேரெல்லாம் வரிசையா போட்டாங்களே, ஒங்க பேரு இருந்துச்சா? பண்டிகைய விடறதுக்கு மட்டும் நாம பங்காளியா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அதிரசச் சட்டி அடுப்பில் ஏறிவிட்டால் இனி நாங்கள் யாரோ, அவர்கள் யாரோ.

மதியம் தூக்கமில்லை. பெரியப்பாவுக்கு மில்லில் வேலை. தீபாவளிக்கு ஒரே துணி எடுத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சட்டை, பாவாடை. எதிர்வீட்டுக்காரர்: "டேய், பேண்டு செட்டு வந்துடுச்சுடா!" தீபாவளி நோன்புப் படையலுக்கு எல்லா வீட்டு அதிரசமும் ஒரே இலையில். வெடிக்காத வெடிகளைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டுவோம். கொளுத்துவது அண்ணன், என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு. ஒரு தடவை புருவம் கருகிப்போய், பள்ளிக்கூடமே அவரைக் கேலி செய்தது.

அக். 18, சனி

பெரிய மார்க்கெட்டில் அண்ணி. ஒதுங்கப் பார்த்தேன். அவரே வந்தார்.

"தம்பி, ஒங்க வூட்ல நோன்பு உண்டா?"

"இல்ல அண்ணி. எப்படி எடுப்போம்?" யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டார். "நம்ம சேகரு சொன்னான், சித்தப்பா வூட்ல சரவெடியே வெடிப்பாங்க, பாரும்மான்னு." சேகர் அவர் மகன். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மருமகள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறாள். நிறுத்தச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பேத்தி அழுகை. முரளி: "நல்லா இருக்குப்பா. செத்தப்ப சொல்லி அனுப்பல. இப்ப நம்ம கொழந்தைய அழ வெக்கிறாங்க."

அக். 19, ஞாயிறு

மேகம். தெரு முழுக்க வெடிச்சத்தம், எண்ணெய் வாசனை. எங்கள் வீட்டில் ரசம், அப்பளம்.

முரளி பட்டாசுப் பெட்டியைப் பரணில் போட்டான். "ஒங்களுக்காகத்தான். அவங்களுக்காக இல்ல."

எங்கள் வீட்டிலும் நோன்பு இல்லை என்று அண்ணி சொல்லியிருப்பார். சேகர் நம்பியிருப்பானா? நான் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவானோ?

நாளை தீபாவளி. காலையிலேயே முதலியார்பேட்டைக்குப் போ. கையில் எதுவும் வேண்டாம். வாங்க என்று யாரும் சொல்லாவிட்டாலும் உள்ளே போய் உட்கார்.