லுயீஸ் மாமாவின் கேரியர்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழி ஏமாவுக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. நானும் இனியாவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே நலமாயிருக்க வில்லியனூர் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ என்னை வாய் திறக்க விடமாட்டாய். அதனால்தான் பாரிசுக்குப் போகும் ஒசேன் அண்ணன் கையில் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை, அதாவது உன் லுயீஸ் மாமாவை, நான் கட்டிக்கொள்ளப் போவதில்லை.

நல்ல மனிதர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, கை நிறையப் பென்ஷன், அவர் காலத்துக்குப் பிறகு பெண்டாட்டிக்கும் வரும், இனியா பிரான்சில் படிக்கலாம் என்றாய். எங்கப்பாவைவிட மூத்தவர் என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டாய், கள்ளி!

இனியாவின் அப்பா செம்மல் இறந்ததிலிருந்து என் ஒரு சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தில் மாத்திரை பேக்கிங், மதிய ஷிப்ட். சம்பளம் வந்த கையோடு வாடகையும் அரிசி மூட்டையும் முடித்துவிடுவேன். காய்கறிக்குப் பெரிய மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்தில்தான் போவது. மத்தி, கவலை தவிர வேறு மீன் பக்கம் திரும்புவதில்லை. இதுவரை யாரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் ஜூனில் இனியா பிளஸ் ஒன் சேர வேண்டும், அந்தச் செலவுக்கு என்ன உருட்டினாலும் வழி தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் அவரை வரச் சொன்னேன்.

அவர் வரும் நாள் காலை புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இனியா பக்கத்தில் வந்து நின்றாள். "எனுக்காக இத பண்ணிக்காதம்மா. நா கவர்மென்ட் ஸ்கூல்லியே படிச்சிக்கிறேன்" என்றாள். புடவையை மடித்து வைத்துவிட்டு நைட்டியோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாமா கோட்டு போட்டுக்கொண்டு, ஒயின் பாட்டிலோடு வந்தார். கவலை மீன் குழம்பு, முருங்கைக்கீரை, ரசம். மூன்று தரம் சோறு வாங்கினார். உன் அத்தை தவறியதிலிருந்து ஓட்டல் சாப்பாடும் காய்ந்த ரொட்டியும்தானாம். நான் நேராகவே கேட்டுவிட்டேன்:

"தப்பா நெனைக்காதீங்க மாமா. ஒங்களுக்குப் பொண்டாட்டி வேணுமா, சாப்பாடு வேணுமா?"

கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சாப்பாடுதாம்மா" என்றார்.

மறுநாளிலிருந்து கேரியர் போகிறது. வேலைக்குக் கிளம்பும்முன் சைக்கிளில் நானே கொடுத்துவிடுகிறேன். மாதப் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டேன், சொந்தம் வேறு, தொழில் வேறு. அவர் தன் கூட்டாளிகளிடம் சொல்லி, இப்போது நாலு சொல்தா வீட்டுக்குச் சமைக்கிறேன். கால்தான் வீங்குகிறது, ஆனால் இனியாவின் ஸ்கூலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. கட்டிவிட்டு வரும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இனி உன்னைப் பற்றி. அன்று போனில் நான் தயங்கியபோது, "பழகிப்போவும்டி, எனுக்குப் பழகலியா" என்றாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீயும் இப்படித்தானே, வீட்டுக் கஷ்டத்துக்கு ஒரு பிரான்ஸ் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாய். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேசியிருக்கிறாய், உன் வீட்டுக்காரர் லொரான் எப்படி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஏமா, இப்போது கேட்கிறேன். நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் போகட்டும். டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு வா. நாலு வீட்டுக்கு வடிக்கிறவளுக்கு உனக்கும் ஒரு பிடி அரிசி போடுவது பாரமில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று என் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

என்றும் உன்,
ஆதி