தண்ணீருக்கு இடம் விட்டு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முதுகு மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், உன் குரல் இளைத்திருக்கிறது என்கிறாள் அம்மா, குரல் எப்படி இளைக்கும் என்று கேட்டதற்கு எனக்கு அன்று சாயங்காலக் காப்பி கிடைக்கவில்லை. எதற்கும் வேளாவேளைக்குச் சாப்பிடு, என் காப்பிக்காகவாவது.

மாமா விஷயத்தை அம்மா பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன், கொஞ்சம் கூட்டியும் எழுதுவேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நான் வரைகிற ‘மாலுமி மாமா’ யார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஐம்பத்தொரு வயதில் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஏரியில் ஒரு பழைய படகையும் வாங்கிப் போட்ட ஆள் மச்சானாக வாய்த்தால் நான் வேறு எங்கே போய்க் கதை தேடுவேன். முதல் நாள் முன்கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டு, பின்கயிறு துறையில் கட்டியிருப்பது தெரியாமல் அரை மணி நேரம் துடுப்புப் போட்டாரே, அதுதான் முதல் வாரம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு காலை ஒன்பது மணிக்குப் படகில் ஏறி, ஐந்து அடித்ததும் இறங்கி, நடுவில் லீவு வேண்டுமென்றால் அத்தையிடம் எழுதிக் கொடுத்தாரே, அது இரண்டாவது வாரம். நாலு வருஷமாக அவர் அசடு வழிய என் பிழைப்பு ஓடியது. கோபமே கிடையாது, பேப்பர் வந்த கையோடு போன் வரும், மாப்பிள்ள, மூக்கை ஏன்யா இவ்ளோ பெருசா போடுற, படகுக்கு முன்னாடி அதுல்ல கரை சேருது என்பார். வாசகர்களுக்கும் ஒரே குறைதான், தண்ணீர். எனக்குத் தண்ணீர் வரைய வராது. உங்கள் ஏரி சரியாக மடிக்காத போர்வை மாதிரி இருக்கிறது என்று ஒரு படகுக்காரர் கார்டு போட்டார், உன் அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள், மாமாவும் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்று மாதத்துக்கு முன் மாமாவுக்கு வந்தது பக்கவாதம். லேசாக வந்தது என்று அம்மா சொல்லியிருப்பாள், லேசு இல்லை. வலது கால் இழுக்கிறது, வலது கை நடுங்குகிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. நான் ஆறு வாரப் படங்களை ஒரே கட்டாக முன்கூட்டியே கொடுத்துவிடுகிறவன் இல்லையா, அதனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறு பேப்பரில் துடுப்புப் போட்டார், வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்திருந்த ஞாயிறு பேப்பரில் நீச்சலடித்தார். எனக்கு மனசே ஆறவில்லை. கட்டு தீர்ந்ததும், நாகரிகமாக நடந்துகொள்கிறேன் பேர்வழி என்று, மாலுமி மாமா படகை விற்றுவிட்டுப் பூந்தொட்டி வாங்குவதாக வரைந்து அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, டாக்டர் என்னைத்தானே ஏரிக்குப் போகாதன்னான் மாப்பிள்ள, படத்துல இருக்கறவனுக்குமா சொன்னான் என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வருஷத்தில் அவரை ஆயிரம் தடவை கேலி செய்திருக்கிறேன் கண்ணு, அவமானப்படுத்தியது அன்று ஒரு நாள்தான்.

அங்கேயே படத்தைக் கிழித்தேன். போடப் போனபோது குப்பைக்கூடை முழுக்கக் கசங்கின காகிதம். கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் தினமும் இருபது நேர்கோடு போடச் சொல்லியிருக்கிறாள், ஒன்றுகூட நேராக வரவில்லை என்று இவர் கசக்கி எறிந்திருக்கிறார், இனிமேல் பென்சிலைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். நெளிந்து, தயங்கி, மறுபடி எழுந்து போகிற கோடுகள். இருபத்தைந்து வருஷமாக எனக்கு வராத தண்ணீர்.

மறுநாள் படகையும் ஆளையும் மட்டும் வரைந்து, கீழே வெறுமையாக விட்டு, ஒரு பலகையில் வைத்து அவர் மடியில் வைத்தேன். என் கை கேலிக்குத்தான் லாயக்குன்னு ஆயிடுச்சா என்று ஏசினார். என் தண்ணியைப் பார்த்துச் சிரிச்சீங்களே மச்சான், இப்ப நீங்க போடுங்க பார்ப்போம் என்றேன். மூன்று கட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, நாக்கு வெளியே வந்துவிட்டது, ஒன்றையும் கசக்கவில்லை. பேப்பர் ஆசிரியர் போன் செய்து, தண்ணி பிரமாதம் சார், அப்படியே மனுஷங்களையும் கத்துக்கிட்டா நல்லது என்றார். அதை மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது தினம் அதிகாரம்தான், படகைச் சின்னதா போடு மாப்பிள்ள, தண்ணிக்கு இடம் விடு என்கிறார்.

இதில் ஒரு சங்கடம், பயிற்சியில் கை தேறி வருகிறது, வாராவாரம் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நேராகிறது. ஆகட்டும். முழுக்க நேராகிற அன்றைக்கு நான் மறுபடி போர்வை மடிக்கப் போய்விடுகிறேன்.

நீ அவருக்கு எழுதும்போது உடம்பு எப்படி என்று கேட்காதே, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இதோடு வைத்திருக்கும் படத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பற்றி இரண்டு வரி எழுது, முடிந்தால் ஒரு குறையும் சொல்லு, அவருக்குச் சண்டை போட ஆள் வேண்டும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. போனில் கொஞ்சம் குண்டான குரலில் பேசு.

இப்படிக்கு,
படகுக்கு மட்டும் பொறுப்பான
உன் அப்பா